கிருமிக்கும் இரும்பு வேண்டும்

2009 செப்டம்பரில் சிகாகோவில் 60 வயது ஆராய்ச்சியாளர் ஒருவர் பிளேக் நோயால் இறந்துபோனார். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிளேக் கிருமியை வைத்துத்தான் அவர் வேலை செய்துகொண்டிருந்தார், அதனால் கிருமி எங்கிருந்து வந்தது என்பதில் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் அது எப்படி அவரைக் கொன்றது என்பதில்தான். ஏனென்றால் அவர் கையாண்டது வீரியம் போக்கப்பட்ட வகை. ஆரோக்கியமான மனிதருக்கு அதனால் ஆபத்து வராது என்று நம்பித்தான் அமெரிக்காவின் ஆபத்தான கிருமிகள் பட்டியலிலிருந்தே அதற்கு விலக்கு கொடுத்திருந்தார்கள்.

அந்த வகை எப்படி வீரியம் இழந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். பிளேக் கிருமி நம் செல்களுக்குள் நச்சுப் புரதங்களைச் செலுத்தும், அந்தக் கருவிகள் எல்லாம் இந்த வகையிலும் அப்படியே இருந்தன. அது இழந்தது டி.என்.ஏவில் ஒரு துண்டு. அந்தத் துண்டில்தான் யெர்சினியாபாக்டின் என்ற ஒரு சின்ன மூலக்கூறைத் தயாரிக்கும் மரபணுக்கள் இருந்தன. யெர்சினியாபாக்டினின் வேலை நம் உடலிலிருந்து இரும்பைப் பிடித்து வருவது. இரும்பு கிடைக்காததால்தான் அந்தக் கிருமி சாதுவாகக் கிடந்தது.

பிரேதப் பரிசோதனையில் அந்த ஆராய்ச்சியாளரின் கல்லீரலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது தெரியவந்தது. அவருக்கு இருந்தது ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரைக் குறைபாடு, உணவிலிருந்து இரும்பை உடல் தேவைக்கு மேல் உறிஞ்சிக்கொண்டே போகும் நோய். கிருமியால் தேடிப் பிடிக்க முடியாத இரும்பு இவர் உடலில் தேடாமலே கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் 2011-ல் வந்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கை சொன்ன விளக்கம். அடுத்த வருடம் அதே மரபணுக் குறைபாடு உள்ள எலிகளுக்கு இதே மாதிரி வீரியம் போக்கிய பிளேக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள், வீரியம் திரும்பி வந்துவிட்டது. இதில் என்னை உலுக்குவது, 1956-லேயே எலிகளுக்கு இரும்பை ஊசியாகப் போட்டால் இப்படிப்பட்ட கிருமிகள் கொல்லும் தன்மையைத் திரும்பப் பெறுகின்றன என்று பிரிட்டனில் செய்து காட்டியிருந்தார்கள் என்பது. அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

நோய்க்கிருமி என்றதும் நமக்கு நஞ்சுதான் ஞாபகம் வரும். நஞ்சு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாக்டீரியா நம் உடலுக்குள் வந்து பெருகுமா, இல்லை வந்த வழியே தெரியாமல் அழிந்துபோகுமா என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பது அதற்கு உலோகம் கிடைக்கிறதா என்ற கேள்வி. பாடப்புத்தகங்களில் இது ஏதோ ஒரு பெட்டிச் செய்தியாக வந்துபோவதில் எனக்கு வருத்தம் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நம் பக்கக் கணக்கைப் பார்க்கலாம். வளர்ந்த மனித உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களுக்குள், ஹீமோகுளோபினில். மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலிலும் மற்ற செல்களிலும் ஃபெரிட்டின் என்ற கூடு போன்ற புரதத்துக்குள். ஒரு கூட்டுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். ரத்தத்தில் பயணம் செய்யும் கொஞ்சநஞ்ச இரும்பையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பிடித்துக்கொண்டே போகிறது, அதுவும் தன் கொள்ளளவில் சுமார் 30 சதவீதம்தான் நிரம்பியிருக்கும், அதாவது வழியில் எங்காவது ஒரு அணு தப்பி விழுந்தாலும் அள்ளிக்கொள்ள இடம் எப்போதும் காலியாக இருக்கும். கண்ணீர், எச்சில், தாய்ப்பால் இவற்றில் லாக்டோஃபெரின் இதே வேலையைச் செய்கிறது. இதெல்லாம் சேர்ந்து, ரத்தத்தில் எதிலும் ஒட்டாமல் தனியாகத் திரியும் இரும்பு எவ்வளவு என்று வேதியியல் கணக்குப் போட்டால் ஒரு லிட்டருக்கு ஒரு அணுகூடத் தேறாது. ஈ கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு செல்லுக்கோ தன்னை இரண்டாக்கிக்கொள்ள லட்சக்கணக்கான இரும்பு அணுக்கள் வேண்டும். மூச்சு விடும் நொதிகள், டி.என்.ஏவுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் நொதி என்று அதன் அடிப்படை வேலைகள் பலவும் இரும்பை நம்பி இருக்கின்றன.

தனி இரும்பு நம் செல்களுக்கே ஆபத்து, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து எதையும் அரித்துவிடும் மூலக்கூறுகளை உண்டாக்கும். அதனால் இந்தப் பூட்டு நமக்காகவும்தான். ஆனால் காய்ச்சல் வந்தவுடன் உடல் செய்வதைப் பார்த்தால் கிருமிக்காகவும்தான் என்பது தெளிவாகிவிடும். அழற்சி தொடங்கியதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம், இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில்தான் கண்டுபிடித்தார்கள். செல்லிலிருந்து இரும்பு வெளியே வர இருக்கும் ஒரே வாசலான ஃபெரோபோர்ட்டினை அது அழித்துவிடுகிறது. குடலிலிருந்து இரும்பு ஏறுவது நின்றுபோகும். பழைய சிவப்பணுக்களைத் தின்று நாள்தோறும் 20, 25 மில்லிகிராம் இரும்பை ரத்தத்துக்குத் திருப்பித் தரும் மேக்ரோஃபேஜ்கள் அதைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் ரத்தத்தில் இரும்பு அளவு சரிந்துவிடும். காய்ச்சல்காரரின் ரிப்போர்ட்டில் சீரம் இரும்பு குறைவு, ஃபெரிட்டின் அதிகம் என்று இருந்தால் அது பெரும்பாலும் உடல் வேண்டுமென்றே போட்ட முற்றுகை.

இதை முதலில் பிடித்தவர்கள் ஷேட், கேரலைன் என்ற இரண்டு பேர். 1944-ல் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் பாக்டீரியாக்கள் ஏன் வளர மறுக்கின்றன என்று தேடி, அதில் இரும்பைச் சேர்த்தால் உடனே வளர்கின்றன என்று கண்டார்கள். இரண்டு வருடத்தில் மனித ரத்தத்திலும் இரும்பைப் பிடித்துவைக்கும் அப்படி ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார்கள், அதுதான் பிறகு டிரான்ஸ்ஃபெரின் ஆனது. 1975-ல் யூஜின் வெய்ன்பெர்க் இந்த முற்றுகைக்கு ஊட்டச்சத்து வழி எதிர்ப்பு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இரும்பு இல்லாமை கிருமிக்கு ஒரு தடை மட்டும் இல்லை, அது ஒரு தகவலும்கூட. மண்ணிலோ தண்ணீரிலோ இருந்த பாக்டீரியாவுக்குத் தன்னைச் சுற்றி இரும்பு திடீரென்று காணாமல் போனால், ஒரு உடலுக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கிருமி இதற்கு அருமையான உதாரணம். வளர்ப்புத் திரவத்தில் இரும்பு நிறைய இருந்தால் அது நஞ்சு சுரப்பதே இல்லை, இரும்பு தீர்ந்த பிறகுதான் சுரக்கும் என்று 1936-லேயே கண்டுவிட்டார்கள். நஞ்சு மரபணுவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதம் இரும்பைப் பிடித்திருக்கும்வரை அதை அமுக்கி வைத்திருக்கும், இரும்பு போனதும் தானும் விலகிவிடும். அந்த நஞ்சு அழிக்கும் நம் செல்களிலிருந்து கிருமிக்கு இரும்பு வெளிவருகிறது என்று நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் நியாயம் விளங்கும்.

சரி, எப்படி எடுக்கின்றன? மிகப் பரவலான வழி சிடரோபோர். பாக்டீரியா தானே தயாரித்து வெளியே அனுப்பும் சின்ன மூலக்கூறு. போய் இரும்பைக் கவ்விக்கொள்ளும். அதற்கென்றே மேற்பரப்பில் இருக்கும் வாசல் வழியாகக் கிருமி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. குரோம் அசுரால் எஸ் என்ற சாயம் இரும்போடு சேர்ந்தால் அடர் நீலம். அந்த நீலத்தைக் கலந்த அகார் என்ற கெட்டிக் கூழ்த் தட்டில் பாக்டீரியாவை ஒரு புள்ளியாக வைத்து இன்குபேட்டரில் விட்டுவிட்டு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எடுத்துப் பார்த்தால், புள்ளியைச் சுற்றி ஒரு ஆரஞ்சு வளையம் படர்ந்திருக்கும். கிருமி ஓரடிகூட நகரவில்லை, அது அனுப்பிய சிடரோபோர் மட்டும் அகாருக்குள் பரவிப் போய் சாயத்திடமிருந்து இரும்பைப் பிடுங்கியிருக்கிறது, பிடுங்கிய இடமெல்லாம் நீலம் போய் ஆரஞ்சாகிவிட்டது. முதல்முறை பார்க்கும் மாணவர்கள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். சூடோமோனாஸ் என்றால் தட்டே தேவையில்லை. அதன் சிடரோபோரான பையோவெர்டினுக்கு மஞ்சள் கலந்த பச்சை நிறம், புற ஊதா விளக்கில் ஒளிரும். அந்தக் கிருமி தொற்றிய தீக்காயங்களின் கட்டுத்துணியில் தெரியும் பச்சையில் இதற்கும் பங்கு இருக்கிறது.

ஈ கோலை, சால்மோனெல்லா குடும்பத்தின் சிடரோபோர் என்டரோபாக்டின். இரும்பை இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் பொருட்கள் இயற்கையில் வெகு குறைவு, டிரான்ஸ்ஃபெரின் இதோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. அப்போ நாம் தோற்றுவிட்டோமா என்றால், இல்லை. நம் வெள்ளையணுக்கள் சிடரோகாலின் என்ற புரதத்தை வெளியிடுகின்றன, அது இரும்பை விட்டுவிட்டு இரும்பு சுமந்து வரும் என்டரோபாக்டினையே பிடித்து விழுங்கிவிடும். இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு ஈ கோலையைக் கொடுத்தால் மற்ற எலிகள் பிழைக்கும் அளவிலேயே இவை செத்துப்போகின்றன, 2004-ல் வந்த ஆய்வு. அதற்குக் கிருமியின் பதில் என்ன தெரியுமா? சால்மோனெல்லா என்டரோபாக்டினின் மேல் இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகளை ஒட்டுகிறது. அவ்வளவுதான். இரும்பு பிடிக்கும் பகுதி மாறவில்லை, ஆனால் இந்தச் சர்க்கரை துருத்திக்கொண்டிருப்பதால் சிடரோகாலினின் குழிக்குள் இனி அது பொருந்தாது. சால்மோகெலின் என்று இதற்குப் பெயர். ஆஸ்பத்திரிகளில் இப்போது பயமுறுத்தும் கிளெப்சியெல்லா வகைகளில் சில ஒன்றுக்கு மூன்று நான்கு சிடரோபோர்களை வைத்திருக்கின்றன, ஒன்று மாட்டினால் இன்னொன்று. பிளேக் கிருமியின் யெர்சினியாபாக்டினும் அதில் ஒன்று.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போகும் வழி வேறு. சாதாரணக் கொப்புளத்திலிருந்து ரத்தத் தொற்று வரை உண்டாக்கும் இந்தக் கிருமி நேராக ஹீமோகுளோபினையே குறிவைக்கிறது. பிளட் அகாரில் அதன் புள்ளிகளைச் சுற்றி ரத்தம் வெளுத்துத் தெளிந்திருப்பதைப் பார்க்காத மைக்ரோபயாலஜி மாணவர் இருக்க முடியாது, அது சிவப்பணுக்களை உடைத்ததன் தடயம். உடைத்த பிறகு நடப்பதுதான் அழகு. அதன் செல்சுவர் தடிமன் அதிகம், வெளியே கிடைத்ததை உள்ளே கொண்டுபோவது லேசில்லை. சுவரின் வெளிப்புறத்தில் ஐ.எஸ்.டி. பி என்ற புரதம் ஹீமோகுளோபினைப் பிடித்து அதிலிருந்து இரும்பைச் சுமக்கும் ஹீம் என்ற பகுதியைப் பிடுங்குகிறது, பிடுங்கியதை அதே வரிசையின் ஏ என்ற புரதத்திடம் கொடுக்கிறது, ஏ சியிடம், சி சவ்வில் இருக்கும் ஈயிடம். கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று சிமெண்ட் சட்டியைக் கைமாற்றுவது மாதிரி. உள்ளே போனதும் ஜி, ஐ என்ற இரண்டு நொதிகள் ஹீம் வளையத்தை உடைத்து நடுவில் இருக்கும் இரும்பை வெளியே எடுக்கின்றன. 2003-ல் இந்த வரிசை தெரியவந்தது. அப்புறம் 2010-ல் இன்னொன்று: ஐ.எஸ்.டி. பி எலியின் ஹீமோகுளோபினைவிட மனித ஹீமோகுளோபினை நன்றாகப் பிடிக்கிறது, மனித ஹீமோகுளோபின் தயாரிக்கும்படி மாற்றிய எலிகளுக்கு இந்தத் தொற்று கடுமையாக வருகிறது. நம்மோடு எத்தனை காலம் பழகியிருந்தால் இப்படி ஒரு பொருத்தம் வந்திருக்கும்.

நைசீரியா இனம் இன்னும் துணிச்சல். மூளைக்காய்ச்சலுக்கு ஒன்று, வெட்டை நோய்க்கு ஒன்று என்று இதில் இரண்டு முக்கியமான கிருமிகள். இரண்டும் சிடரோபோர் தயாரிப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரினையே தங்கள் மேற்பரப்பில் இழுத்துப் பிடித்து, அதன் பிடியைத் தளர்த்தி, இரும்பைக் கழற்றிக்கொண்டு, வெறும் புரதத்தை விட்டுவிடுகின்றன. மனித டிரான்ஸ்ஃபெரினைத்தான் பிடிக்கும், எலியினுடையது உதவாது. குரங்கினங்களின் டிரான்ஸ்ஃபெரின் மரபணுக்களை ஒப்பிட்ட 2014 ஆய்வு ஒன்றில், கோடிக்கணக்கான வருடங்களாக வேகமாக மாறிவந்த இடங்களைக் குறித்துப் பார்த்தபோது அவை பெரும்பாலும் இந்தப் பாக்டீரியாப் புரதம் வந்து ஒட்டும் இடங்களாகவே இருந்தன. நம் பரிணாமத்தில் இந்தத் திருட்டின் தழும்பு இருக்கிறது.

இரும்போடு கதை முடிவதில்லை. சீழில் குவியும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் செல் திரவத்தில் உள்ள புரதத்தில் கிட்டத்தட்ட பாதி கால்புரொடெக்டின் என்ற ஒரே புரதம். அது துத்தநாகத்தையும் மாங்கனீசையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எலிகளின் உடலில் ஸ்டஃபைலோகாக்கஸ் உண்டாக்கிய சீழ்க்கட்டியை வெட்டி, லேசரால் புள்ளி புள்ளியாக எரித்து எந்த இடத்தில் எந்த உலோகம் எவ்வளவு என்று 2008-ல் வரைபடம் போட்டார்கள். சுற்றியுள்ள திசுவில் மாங்கனீசு இருக்கிறது, கட்டி இருக்கும் இடம் மட்டும் காலி. மாங்கனீசு இல்லாவிட்டால் நம் வெள்ளையணுக்கள் வீசும் சூப்பர்ஆக்சைடைச் சமாளிக்கும் நொதி கிருமிக்கு வேலை செய்யாது. ஆக இது பட்டினி போடுவது மட்டும் இல்லை, கேடயத்தையும் பிடுங்குவது. குடல் அழற்சியா என்று பார்க்க மலத்தில் கால்புரொடெக்டின் டெஸ்ட் எழுதித் தருகிறார்களே, அது இதே புரதம்தான். வெட்டை நோய்க் கிருமி இந்தக் கால்புரொடெக்டினிடமிருந்தே துத்தநாகத்தைக் கழற்றக் கற்றுவைத்திருக்கிறது.

வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரிக்கு நிக்கல் வேண்டும். நம் உடலில் நிக்கலைப் பயன்படுத்தும் நொதி ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் இரைப்பையின் அமிலத்தில் அந்தக் கிருமி உயிர் பிழைப்பதே யூரியேஸ் என்ற நிக்கல் நொதியால்தான், உணவில் வரும் துளித்துளி நிக்கலைச் சேர்த்து வாழ்கிறது. அப்புறம் உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயின் பொரேலியா, இரும்பே வேண்டாம் என்று விட்டுவிட்ட கிருமி. இரும்பு கேட்கும் நொதிகளையெல்லாம் உதறிவிட்டு மாங்கனீசை வைத்து ஓட்டுகிறது என்று 2000-ல் கண்டார்கள். (நம் தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் பலவும் இப்படித்தான், அவை பரம சாது என்பது வேறு விஷயம்.) நேர்மாறான உத்தியும் நம்மிடம் உண்டு: கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ், அந்தப் பைக்குள்ளிருந்து இரும்பையும் மாங்கனீசையும் வெளியே இறைத்துவிட்டுத் தாமிரத்தை உள்ளே கொட்டுகிறது, இந்தத் தடவை பட்டினிக்குப் பதில் விஷம். காசநோய்க் கிருமி அதையும் தாக்குப்பிடிக்கத் தாமிரத்தை வெளியேற்றும் ஏற்பாடுகளை வைத்திருக்கிறது.

இதெல்லாம் நோயாளியின் படுக்கையருகே எங்கே வருகிறது என்று கேட்டால், நிறைய இடங்களில். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்வதால் உடலில் இரும்பு சேர்ந்துவிடும், அதை வெளியேற்ற டெஃபராக்சமின் கொடுப்பார்கள். இந்த மருந்து மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் தயாரிக்கும் ஒரு சிடரோபோர். பிளேக் கிருமியின் உறவான யெர்சினியா என்டரோகொலிட்டிக்காவிடம் அந்த மருந்தை இரும்போடு உள்ளிழுக்கும் வாசல் இருக்கிறது. இந்த மருந்தில் இருப்பவருக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தால் முதலில் மருந்தை நிறுத்திவிட்டு இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். 2021-ல் கொரோனாவோடு சேர்ந்து வந்த கருப்புப் பூஞ்சையிலும் இரும்புக்குப் பங்கு உண்டு, அது பாக்டீரியா இல்லை என்றாலும் கணக்கு ஒன்றே. சர்க்கரை மிகவும் ஏறி ரத்தத்தில் அமிலம் கூடினால் டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளர்ந்துவிடும், தளர்ந்த இரும்பு பூஞ்சைக்குப் போகும்.

ரத்தசோகை விஷயத்தில் கவனமாகவே எழுதுகிறேன். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பள்ளிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தரும் இரும்பு மாத்திரையை யாரும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது, அது தேவையான மாத்திரை. நான் சொல்வது கடும் தொற்று ஓடிக்கொண்டிருக்கும் அந்த நாட்களைப் பற்றி. காய்ச்சலில் கிடக்கும் ஒருவருக்கு ரிப்போர்ட்டில் இரும்பு குறைவு என்று பார்த்துவிட்டு வீட்டார் தாங்களாகவே டானிக் வாங்கிக் கொடுப்பதும், சீக்கிரம் தேறட்டும் என்று நரம்பு வழி இரும்பு ஏற்றும்படி டாக்டரை நச்சரிப்பதும் வேண்டாம். தொற்று அடங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தான்சானியாவின் பெம்பா தீவில் மலேரியா மிகுந்த சூழலில் சின்னக் குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இறப்பும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய கடும் நோயும் சேர்த்துப் பார்த்தால் இரும்பு பெற்ற குழந்தைகளுக்கு 12 சதவீதம் அதிகம் என்று 2006-ல் முடிவு வெளியானது. நல்ல எண்ணத்தில் கொடுத்த சத்து யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அந்த முடிவு எல்லோரையும் யோசிக்க வைத்தது.

கிருமியின் இந்தப் பசியையே மருந்தாக்க முடியுமா என்ற தேடலில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தவை. ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் உருவாக்கிய செஃபிடெரோகால், 2019 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ஆன்டிபயாட்டிக்கோடு சிடரோபோர் போன்ற ஒரு பகுதியை ஒட்டவைத்த மருந்து. கிருமி இரும்பு வந்திருக்கிறது என்று வாசலைத் திறந்து தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. மற்ற மருந்துகள் எதுவும் கேட்காத கிருமிகளுக்கு இது ஒரு வழி, ஆனால் அந்த வாசலின் மரபணுவை மாற்றிக்கொண்டு தப்பும் கிருமிகளும் ஏற்கனவே வந்துவிட்டன. இன்னொன்று காலியம். இரும்பைப் போலவே அளவும் மின்னூட்டமும் கொண்ட உலோகம் என்பதால் சூடோமோனாஸ் ஏமாந்து எடுத்துக்கொள்ளும், ஆனால் இரும்பு செய்யும் வேலை எதையும் அது செய்யாது. நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள சிலருக்குக் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் செயல்பாடு கூடியது.

ஆனால் எனக்கு அதிக நம்பிக்கை தருவது 1998-ல் வெளியான ஒரு பழைய பரிசோதனை. டிரான்ஸ்ஃபெரினைப் பிடிக்கும் புரதங்களை நீக்கிய வெட்டை நோய்க் கிருமியைத் தாமாக முன்வந்த ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், தொற்று உண்டாகவில்லை. அந்தப் புரதங்கள் இல்லாத கிருமிக்கு அந்தப் பரிசோதனையில் பிழைப்பு இல்லை, அவை மேற்பரப்பில்தான் இருக்கின்றன, மனிதரைத் தவிர வேறு போக்கிடமும் அதற்கு இல்லை. தடுப்பூசிக்கு இதைவிடப் பொருத்தமான குறி கிடைப்பது கஷ்டம் என்று பல ஆய்வகங்கள் இந்தப் புரதங்களின் மேல்தான் வேலை செய்துகொண்டிருக்கின்றன. செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத வெட்டை நோய் வகைகள் ஒவ்வொரு நாடாகத் தலைகாட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அந்த வேலைக்கு இன்னும் நிறையப் பணமும் ஆட்களும் போய்ச் சேர வேண்டும்.